மொட்டைப்பாலத்துக்குக் கீழே எங்கள் வீடு

எங்கள் வீட்டு அடுப்படியில் கெளுத்தி கிடக்கும். கொல்லைக் கதவு இருந்த இடத்தில் விரால். முன்வாசலில் ஜிலேபிக் கெண்டைகள் கூட்டமாகத் திரியும்.  இதை ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் சொன்னபோது சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த வீடு அதுதான். வீட்டுக்கு மேலே அணைத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே பாலம், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் விரலில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு அக்கா.

அணை கட்டி ஊரைக் காலி செய்தபோது எனக்கு ஐந்து வயது. ஓட்டையும் உத்திரத்தையும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மேட்டில் கொடுத்த காலனிக்குப் போனோம். சுவர்களை எடுத்துப்போக முடியவில்லை. மண்சுவர் வீடுகள் முதல் வருடமே கரைந்துவிட்டன. எங்கள் அப்பா கல் உடைக்கிறவர். அவர் உடைத்த கல்லில் அவரே கட்டிய வீடு எங்களுடையது. அந்தத் தெருவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் அவர் கைவேலை. அவை மட்டும் தண்ணீருக்குள் அப்படியே நின்றன. காலனிக்கு வந்த இரண்டாம் வருடம் அப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். அம்மா என்னைப் பெற்றபோதே போய்விட்டாள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் கம்பத்தில் ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போனவர், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு காலனிக்குத் திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டில் சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏலே, கையக் கழுவு. இனிமே சோறும் எங்கிட்டத்தான், அடியும் எங்கிட்டத்தான்" என்றாள்.

பழைய ரோடு எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில், ஓடைமேல் ஒரு கல் பாலம் உண்டு. கரைப்பக்கம் ரோடு பாலத்தைத் தொடும். மறுபக்கம் பாலத்திலிருந்து இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். அணை நிரம்பினாலும் பாலம் முழ உயரத்துக்கு வெளியே நிற்கும். எங்கேயும் கொண்டுபோய் விடாத பாலம் என்பதால் அதற்கு மொட்டைப்பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவின் முதல் வீடுகள் அதன் இரண்டு பக்கமும் மூழ்கிக் கிடந்தன. பாலத்திலிருந்து தூண்டில் வீசினால் எட்டும் தூரம்தான்.

வெட்டவெளித் தண்ணீரில் மீன் நிற்காது. சுவர் நிழலும், படிக்கட்டுப் பொந்தும், கிணற்று மேடையும் வேண்டும் அதற்கு. எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. அவரவர் வீட்டின் மேல்தான் அவரவர் தூண்டில். அடுத்த வீட்டுச் சுவருக்குள் போட வேண்டுமென்றால், வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. ஆனால் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

சில நேரம் தூண்டிலில் மாட்டிய மீன் நரம்பை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் ஓடிவிடும். பக்கத்து வீடு மதனியுடையது. உறவில்லை, வாய்ப்பழக்கத்தில் மதனி.

"ஏ மதனி, உங்க வீட்டுக்குள்ள எங்க மீனு பூந்துருச்சு, கோவிச்சுக்கிராதீக" என்று அக்கா கத்துவாள்.

"எங்கன பூந்துருக்கு?"

"உங்க மாமியா படுக்குற இடத்துக்கிட்ட."

"அங்கனயா? அப்ப செத்துருச்சுன்னு நெனச்சுக்க. அந்தக் கெழவி மூச்சுக்காத்து பட்டாப் போதும்."

அக்கா சிரிக்கும்போது நரம்பு அவள் விரலில் நடுங்கும்.

எனக்கு அந்த வீடு நினைவில் இல்லை. ஐந்து வயது வரை வளர்ந்த வீடு எப்படி மறக்கும் என்று கேட்கலாம், மறந்துவிட்டது. அதைத் திரும்ப எனக்குக் கொடுத்தது தூண்டில்தான். "அடுப்படிக்குப் போடு. ம்ஹூம், நீ போட்டது அம்மி மேல. இன்னுங் கொஞ்சம் எடக்கைப் பக்கம்" என்பாள் அக்கா. ஈயக்குண்டு கீழே போய் எதன்மேல் தட்டுகிறது என்பதை விரலில் வாங்கிக்கொள்வேன். கல்லில் பட்டால் 'டக்'கென்று வரும். சேற்றில் விழுந்தால் ஒன்றும் வராது. பத்து வருடத்தில் எங்கள் வீட்டின் ஒவ்வொரு மூலையும் என் ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மீன்தான் எனக்குச் சிலேட்டும் சட்டையும் ஆனது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதும் காலனி முழுக்க அக்கா மீன் குழம்பு ஊற்றினாள். "வாத்தியாரே" என்று அன்றைக்கே பட்டம் கொடுத்தாள். "வாத்தியாரே, தண்ணி எடுத்தா. வாத்தியாரே, கோழியப் புடிச்சு அட."

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த வருடம், அணை மீனை யாரோ ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். பாலத்துக்கு வாட்ச்மேன் போட்டார்கள். தூண்டிலைப் பிடுங்கினார்கள், நரம்பை அறுத்தார்கள். மதனியின் மகனைக் கன்னத்தில் அறைந்தார்கள். அக்கா வாட்ச்மேனிடம், "எங்க வீட்டுக்குள்ள நான் கைய விடுறேன், நீ யாருய்யா கேக்க?" என்று சண்டைக்குப் போய், கூடையைப் பறிகொடுத்துவிட்டு வந்தாள். அன்று அவள் உலை வைக்கவில்லை.

இதைச் சரி செய்ய வேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. வேறு யாருக்கு எழுதத் தெரியும்? விடுமுறையில் வந்தவன், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தேனியில் இருந்த குத்தகைக்காரரின் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். என் வாழ்க்கையில் ஒரு ஆபீசில் எனக்குப் போடப்பட்ட முதல் நாற்காலி. டீ வந்தது. நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா வாய்வார்த்தையா சொன்னா நான் மொதலாளிகிட்ட எப்படிப் பேச? எந்த வீடு எங்கன இருக்கு, யாருக்கு எந்த எடம்னு ஒரு படம் போட்டுக் குடுங்க. அதப் பாத்து ஆளுக்கொரு பாஸ் குடுத்துரலாம். படிச்ச புள்ள, ஒங்களுக்கு இது பெரிய காரியமா?"

பெரிய காரியம் இல்லைதான். பயிற்சிப் பள்ளியில் வரைபடத்துக்கு எனக்குத்தான் முதல் மதிப்பெண். காகிதத்தில் ஏறிவிட்டால் ஒரு விஷயம் பத்திரமாகிவிடும் என்று நான் நம்பினேன். அதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாமே அதைத்தான் சொல்லியிருந்தன.

மற்ற வீடுகளுக்குப் பாலத்தில் கேட்ட பேச்சே போதுமாயிருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் சரியான அளவு வேண்டும் என்று ஆசை. அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்குடா?"

"பாடத்துக்குக்கா. சொந்த வீட்டப் படம் போடச் சொல்லிருக்காக."

பாஸைக் கையில் கொடுத்து அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அதனால் சொன்ன பொய்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலனி வீட்டின் முன்னாலிருந்த வெறுந்தரைக்கு வந்தாள். ஒரு குச்சியால் கோடு கிழித்தாள். பிறகு இல்லாத வாசலில் குனிந்து உள்ளே போனாள்.

"எதுக்குக்கா குனியுறே?"

"நெலை இடிக்குமில்ல? அப்பா குட்டை. தன் ஒயரத்துக்கு வெச்சுட்டாரு." அப்படியே ஒவ்வொரு எட்டாக எண்ணி நடந்தாள். "வாசல்ல இருந்து தூணுக்கு ஏழு எட்டு. இங்கன அம்மி. இங்கன நீ பொறந்த. இங்கன அம்மாவக் கெடத்திருந்தாக." எட்டு வைத்துக்கொண்டே சொன்னாள், குரல் மாறவில்லை. கொல்லைச் சுவரிடம் வந்ததும் நின்றாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இந்தா, இந்த எடத்துல அப்பா ஒரு கல்லு வெக்காம விட்டாரு. சின்னப் பொந்து. வெளியே இருந்து பாத்தாத் தெரியாது. அம்மா அதுலதான் கருப்பட்டி ஒளிச்சு வெப்பா, நான் களவாண்டு திம்பேன். இப்ப அதுக்குள்ள ஒருத்தன் இருக்கான். கெளுத்தியா வெராலான்னு தெரியல. நாலு தடவ என் நரம்ப அறுத்துட்டான். இத மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிராத. மதனிக்குக்கூடத் தெரியாது."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

மூன்று நாள் வரைந்தேன். அளவுகோல் போட்டேன், வடக்கு அம்புக்குறி போட்டேன், கல் வீட்டுக்கு ஒரு நிறம், கரைந்த வீட்டுக்கு ஒரு நிறம், மரத்தூர்களுக்குப் புள்ளி. கொல்லைச் சுவரில் வந்தபோது கை ஒரு நிமிடம் நின்றது. படத்தில் ஒன்று விட்டுப்போனால் மதிப்பெண் குறையும் என்று பழகிய கை. கறுப்பு மையில் ஒரு சிறு சதுரம் போட்டேன். அது என்னவென்று யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் படத்தைப் பார்த்து, "பிரமாதம் தம்பி" என்றார். பாஸ் வரும் என்றார். வரவில்லை. இரண்டு தடவை போய்க் கேட்டேன். மூன்றாம் தடவை நாற்காலி இல்லை.

மறு வருடம் மழை பொய்த்தது. சித்திரையில் அணை வற்றி, பாலத்தைச் சுற்றிச் சேறு பாளம் பாளமாக வெடித்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு எங்கள் தெரு வெளியே வந்தது. காலனியே திருவிழாவுக்குப் போவதுபோல் போயிற்று. மதனி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அக்கா எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைந்தாள். நிலைச்சட்டம் என்றோ கழற்றப்பட்டு, மேலே வானம் தெரிந்தது.

நான் எங்கள் வீட்டுக்குள் நின்றேன். கண்ணால் பார்ப்பதைவிட விரலுக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அம்மிக்கல்லிடம் நடந்து போனேன். அது அங்கேயே இருந்தது.

நான்காம் நாள் இரண்டு டிராக்டர்கள் வந்தன. இரும்புச் சங்கிலி, கடப்பாரை, இருபது ஆட்கள். மேஸ்திரி ஒருவன் டிராக்டர் முகப்பில் ஒரு காகிதத்தை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தான். தண்ணீர் வந்தபின் பெருவலை இழுக்கப் போகிறார்கள், வலை கிழிக்கிற சுவர், மரத்தூர் எல்லாவற்றையும் இப்போதே பெயர்த்தெடுக்க உத்தரவு என்றான்.

"கரைஞ்ச சுவரெல்லாம் சேத்துக்கு அடியில கெடக்குமே, எப்படித் தேடுவீக?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார்.

"எதுக்குத் தேடணும்? இந்தா பாருங்க, எவனோ மகராசன் போட்ருக்கான். கண்ணக் கட்டிக்கிட்டுப் போயி எடுக்கலாம்."

எல்லாரும் காகிதத்தைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். நான் போட்ட வடக்கு அம்புக்குறி மேலே இருந்தது. தெருவின் கடைசி வீட்டுச் சித்தப்பா படத்தில் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். அவர் முகம் மாறியது.

"இது வெளியாள் வேலையில்ல. எங்க வீட்டு நெல்லுக் குதிரு எங்கன இருந்துச்சுன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? எந்த நாயி நம்மள்ள இருந்துக்கிட்டு இதப் போட்டுக் குடுத்துச்சு?"

படம் போடத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ஒருவர் தலை திரும்பினாலும் என்மேல்தான் திரும்பியிருக்கும். வாயைத் திறந்து, 'நான்தான், பாஸ் வாங்கத்தான்' என்று சொல்ல வேண்டும். நான் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. படத்துக்குத் தலைகீழாகத்தான் நின்றிருந்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். பாலம், மதனி வீடு, எங்கள் வாசல். வாசலிலிருந்து தூண், அம்மி, அடுப்படி. ஏழு எட்டு நடந்ததுபோல் மெதுவாக அந்த விரல் நடந்தது. கொல்லைச் சுவரில் கறுப்புச் சதுரத்தின் மேல் வந்து நின்றது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இது எவனோ வெளியூர்க்காரன் போட்டதுதான்" என்றாள். "எங்க வீட்டையே தப்பாப் போட்ருக்கான். அடுப்படி இந்தப் பக்கமா இருந்துச்சு? கொல்லச் சுவத்துல பொந்து போட்ருக்கான் பாரு. எங்கப்பா பொந்து விட்டாக் கட்டுவாரு?"

மதனி படத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எங்கள் அடுப்படி எந்தப் பக்கம் என்று மதனிக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கே நெருப்பு வாங்கியவள் அவள். "ஆமா, தப்புத்தான். வெளியூர்க்காரன் வேலை" என்றாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நகர்ந்து போனாள்.

கூட்டம் வாட்ச்மேனைத் திட்டியது, மழையைத் திட்டியது. சங்கிலி போட்டு இழுத்தார்கள். அப்பா கட்டிய சுவர் முதல் இழுப்புக்கு அசையவில்லை. ஆட்கள் அதைப் பார்த்து, "கட்டுனவன் ஆம்பளடா" என்றார்கள். மூன்றாம் இழுப்பில் கொல்லைச் சுவர் மொத்தமாகச் சாய்ந்தது. பொந்துக்குள் இருந்த சேறு கட்டியாக உருண்டு வந்து அக்காவின் காலருகே உடைந்தது. அதில் ஒரு சாண் நீல நரம்பும் துருப்பிடித்த முள்ளும் இருந்தன. அவள் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்குப் பின்னால் நடந்தேன். சோறு போட்டாள். "சாப்பிடுங்க" என்றாள். சின்னப் பிள்ளையிலிருந்து என்னை ஏலே என்றும் டா என்றும் கூப்பிட்டவள். சட்டியிலிருந்து குழம்பை ஊற்றிவிட்டு, "உப்புப் போதுமா பாத்துக்கங்க" என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பேசும் மரியாதை அது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

ஐப்பசியில் மழை பெய்து அணை நிரம்பியது. வாட்ச்மேனை எடுத்துவிட்டார்கள், காவல் காக்க அங்கே எதுவும் இல்லை. அக்கா மட்டும் பாலத்துக்குப் போனாள். விடுமுறையில் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வீசிய ஈயக்குண்டு போய்க்கொண்டே இருந்தது. எங்கும் தட்டவில்லை. இழுத்துச் சுற்றி மறுபடி வீசினாள், கொல்லைக் கதவு இருந்த பக்கம்.

"அக்கா," என்றேன், "அந்தப் படம்…"

"பேசாதீக. மீனு கலையும்."

தண்ணீரில் ஒரு குமிழ்கூட இல்லை.  இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது படம் போட்டதற்காகவா, கூட்டத்தில் அந்த நிமிடம் பேசாமல் இருந்ததற்காகவா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த தை மாதம் அக்கா ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். "அந்த ஆளு இருக்க மலைக்கா போறே?" என்று மதனி கேட்டாள். "மலை என்ன அவரு அப்பன் வீட்டுச் சொத்தா? அவரு மேலகோடி, நான் கீழகோடி. எதுக்க வந்தா ஒதுங்கிக்கிறேன்" என்று சிரித்துவிட்டு, கம்பத்து ஜீப்பில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். நரம்பு சுற்றிய கட்டையை வீட்டுக் கூரை எறவானத்திலேயே செருகி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கப்பல் சாமான் இறக்கப் போட்ட பழைய கடல் பாலம் ஒன்று இருக்கிறது. மாலையில் ஆட்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர், வேறு மீன்கள், ஆனால் அதே குனிவு, அதே விரல். வெட்டவெளியில் யாரும் போடுவதில்லை. பாலக்கால் ஓரமும், தண்ணீருக்குள் எங்கோ கிடக்கும் ஏதோ ஒன்றின் ஓரமும் பார்த்துத்தான் போடுகிறார்கள். வருடக்கணக்காகப் போய் நிற்கிறேன்.

அக்காவுக்குக் கடிதம் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நான் எழுதினால், அவள் கூட்டத்துக்கு நடுவே நின்று மறைத்தது ஒரு தோட்டத்துக் கங்காணியின் வாயிலிருந்து வெளியே வரும். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆளுக்கு, எழுத வேண்டிய ஒரே கடிதத்தை எழுத முடியவில்லை. நலம், நலமறிய அவா என்று எழுதினேன். சேலை வாங்கி அனுப்பினேன்.

போன விடுமுறையில் மலைக்குப் போனேன். தகரக் கூரை போட்ட கூலிக்காரர் லயத்தில் ஒரு அறை. அவள் முடி நரைத்திருந்தது. மலையாளம் கலந்து பேசினாள். பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தாள். பக்கத்து அறைப் பெண்களிடம், "எந்தம்பி. வாத்தியாரு" என்று சொன்னபோது மட்டும் குரல் பழைய குரலாக உயர்ந்தது. அவர்கள் போனபின் இரண்டு பேரும் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"உங்க ஊருல கடல் இருக்காமே?" என்றாள்.

"இருக்குக்கா."

"பாலம் இருக்கா?"

"இருக்கு. நெறையப் பேரு தூண்டில் போடுறாக."

"அடியில என்ன கெடக்காம்?"

"தெரியாதுக்கா. நான் கேக்கல."

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். காலியான டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"கேக்காதீக" என்றாள்.